பயிற்சி மாலுமிகளே, இலக்கணத்துக்கு முன் எண்களைப் பழகுங்கள்

கப்பலில் பயிற்சிக்கு ஏறப்போகிறவர்கள் ஆங்கில இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத் தொடர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அவற்றிலும் சுக்கான் ஆணைகளும் எண்களும்தான் முதலில்.

கப்பல் செல்லும் திசையைப் பாகையில் குறிக்கும் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 182 என்றால் 'ஒன் எயிட் டூ'. சுக்கான் கோணம் மட்டும் விதிவிலக்கு. 15 பாகை என்பது 'ஃபிஃப்டீன்'தான். அதிகாரி 'போர்ட், ஸ்டியர் ஒன் எயிட் டூ' (இடப்பக்கம் திருப்பி 182-இல் செலுத்து) என்றால் அதையே அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். கப்பல் அந்தத் திசையில் நிலைத்ததும் 'ஸ்டெடி ஆன் ஒன் எயிட் டூ' என்று அறிவியுங்கள். வெறும் 'எஸ் சார்' போதவே போதாது; நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பது அதில் தெரியாது.

இந்தத் தொடர்கள் குறைந்த சொற்களில், ஒரே பொருள் தரும்படி அமைந்தவை. உங்கள் உச்சரிப்பு வேறு, அதிகாரியின் உச்சரிப்பு வேறு என்றாலும், அடுத்து வரப்போகும் சொல் இருவருக்கும் தெரிந்திருப்பதால் இரைச்சலிலும் பிடிபடும். தவறாகக் கேட்டிருந்தால், திருப்பிச் சொல்லும்போதே அதிகாரி திருத்திவிடுவார்.

ஆணை புரியாதபோது மட்டும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்காதீர்கள். தயங்காமல் 'சே அகெய்ன்' என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கும், அறிக்கை எழுதுவதற்கும், உணவு மேசையில் சக மாலுமிகளோடு பேசுவதற்கும் இந்தத் தொடர்கள் மட்டும் போதாது. அதற்குப் பொது ஆங்கிலத்தைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும்.