எண்ட் பிளேட் இணைப்பை மாடல் செய்வது: போல்ட்டைச் சரியாகக் கையாண்டால் பாதி வேலை முடிந்தது

எஃகு இணைப்பைச் சிறு சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்துக் கணினியில் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மாடல் பற்றியது இது. தூணின் ஃபிளாஞ்சில் (விளிம்புத் தகடு) எண்ட் பிளேட்டை (பீமின் முனையில் பற்றவைத்த தகடு) வைத்து எட்டு எம்20 (20 மி.மீ.) போல்ட்டால் முடுக்கிய பீம் இணைப்பை எடுத்துக்கொள்வோம். முழுச் சட்டகத்தையும் மாடலுக்குள் கொண்டுவர வேண்டாம். பீமை அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்தில் வெட்டுங்கள். தூணையும் மேலும் கீழும் அப்படியே. வெட்டுமுனையில் ஒரு குறிப்புப் புள்ளி வைத்து, குறுக்குவெட்டின் நோடுகளை (எலிமென்ட்டுகள் சந்திக்கும் புள்ளிகள்) அதோடு கட்டி, அதில் விசைகளைக் கொடுங்கள். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். கொடுக்க வேண்டியது வெட்டிய இடத்தின் மொமென்ட் (வளைக்கும் திருப்பம்). இணைப்பு முகத்தின் மொமென்ட் அல்ல. வெட்டுவிசை (ஷியர்) 100 கிலோநியூட்டன், துண்டின் நீளம் 0.8 மீட்டர் என்றால், முகத்து மதிப்பை அப்படியே போடுபவருக்கு 80 கிலோநியூட்டன்-மீட்டர் கூடுதலாக வந்து சேரும்.

பீமின் தொலைவான பகுதிக்கு ஷெல் (பரப்பாக மட்டும் வரையும்) எலிமென்ட் போதும். எண்ட் பிளேட், தூண் ஃபிளாஞ்ச், போல்ட் மூன்றும் சாலிடாக (முப்பரிமாணத்தில்) இருக்கட்டும். பிளேட்டின் தடிமனில் ஒரே ஒரு நேரியல் எலிமென்ட் (மூலைகளில் மட்டும் நோடு உள்ளது) வைத்தால் அது வளையவே மறுக்கும். போல்ட் விசையும் தப்பாகும். நேரியல் என்றால் மூன்று நான்கு அடுக்கு, இருபடி (பக்கங்களின் நடுவிலும் நோடு உள்ளது) என்றால் இரண்டு. துளையைச் சுற்றி 16 பிரிவுகள் போடுங்கள். எம்20 போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ., 20 அல்ல.

பற்றவைப்பில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு: பீமின் முனை முழுவதையும் பிளேட்டோடு ஒட்டிவிடுவது. அப்படிச் செய்தால் ஃபில்லெட் வெல்ட் (மூலையில் முக்கோணமாகப் போடுவது) முழு ஊடுருவல் வெல்டாக (முழுத் தடிமனும் ஒட்டியது) மாறிவிடும். வெல்ட் முக்கோணங்களை மட்டும் வரைந்து அவற்றின் வழியே இணையுங்கள்; பீம் முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே கான்டாக்ட் (தொட்டால் அழுத்தும், இழுத்தால் பிரியும்) மட்டும் இருக்கட்டும்.

அடுத்து போல்ட். 8.8 தர எம்20க்கு இழுவிசைப் பரப்பு (மரைப் பகுதியில் இழுப்பைத் தாங்கும் பரப்பு) 245 ச.மி.மீ. முன்னிழுவிசை (முடுக்கும்போதே போல்ட்டில் ஏற்றும் இழுப்பு) 0.7 × 800 × 245, ஏறத்தாழ 137 கிலோநியூட்டன்; 800 என்பது 8.8 தரத்தின் இழுவலிமை, மெகாபாஸ்கலில். தண்டை 20 மி.மீ. விட்டத்தில் வரைந்தால் பரப்பு 314 ஆகி, போல்ட் இருப்பதைவிட விறைப்பாகிவிடும். மரை உள்ள பகுதிக்காவது 17.7 மி.மீ. விட்டம் கொடுங்கள். பளுவை மூன்று படியாக ஏற்றுங்கள்: முதலில் முன்னிழுவிசையில் பத்தில் ஒரு பங்கு, கான்டாக்ட் பிடித்துக்கொள்ள, பிறகு முழு அளவு, அடுத்து போல்ட் நீளத்தைப் பூட்டிவிட்டு வெளிவிசை. பூட்ட மறந்தால் பளு எவ்வளவு ஏறினாலும் போல்ட் 137இலேயே நிற்கும். படம் அழகாகத்தான் இருக்கும், விடைதான் பொய்.

மாடல் நம்பத் தகுந்ததா என்று பார்க்க, வண்ணப் படத்துக்குப் போகுமுன் ஒரு போல்ட்டின் விசையை எடுங்கள். அதன் பங்குக்கு வெளியிழுவிசை 80 கிலோநியூட்டன் என்று வையுங்கள். பிளேட் தடிமனாக இருந்தால் போல்ட் விசை 145–155 அளவில்தான் இருக்க வேண்டும். மீதி, பிளேட்டுகளுக்கு இடையிலான அழுத்தம் தளர்வதில் போய்விடும். 217 என்று காட்டினால் கான்டாக்ட் வேலை செய்யவில்லை, இரண்டும் வெறுமனே கூட்டப்பட்டிருக்கின்றன. மெல்லிய பிளேட்டில் இதைவிடக் கூடலாம்: பிளேட் வளைந்து, அதன் விளிம்பு தூணில் ஊன்றி, நெம்புகோல் போல் போல்ட்டை இழுக்கும். அதையும் விளிம்பில் தெரியும் கான்டாக்ட் அழுத்தத்தை வைத்து உறுதி செய்யலாம்.

வெல்டின் மூலையில் 900 மெகாபாஸ்கல் தகைவு (ஓரலகு பரப்பில் வரும் விசை) சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மீள்தன்மைக் கணக்கில் கூர்மூலையின் தகைவுக்கு எல்லையே இல்லை. மெஷ்ஷை, அதாவது எலிமென்ட் வலையை, பொடியாக்கினால் இன்னும் ஏறும். மீள்தன்மை எல்லையைத் தாண்டும் பொருள் பண்பைக் கொடுத்துத் திரிபை (நீட்சி விகிதத்தை) பாருங்கள். பிளேட்டின் இழுவிசைப் பகுதிக்கு 5 சதவீத வரம்பை ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோடு 3, பகுதி 1-5 பரிந்துரைக்கிறது. போல்ட்டையும் வெல்டையும் விசையை எடுத்துத் தனியே சரிபார்க்க வேண்டும்.

முதல் படியிலேயே ஓட்டம் நின்றுவிட்டால் மெஷ்ஷைத் தொடாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வாஷருக்கும் பிளேட்டுக்கும் இடையே நூலிழை இடைவெளி இருந்து, போல்ட் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை மூடுங்கள், அல்லது முதல் படிக்கு மட்டும் மெல்லிய ஸ்பிரிங் கட்டிவிட்டு அடுத்த படியில் எடுத்துவிடுங்கள்.