மூளைப் படத்தில் பேச்சைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையில் கட்டி. அறுவைக்கு முன் பேச்சுக்கான இடம் எதுவென்று பார்க்க, மூளை வேலை செய்யும்போது எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ என்ற ஸ்கேனை எடுக்கச் சொல்கிறார்கள். படம் வந்ததும் வீட்டார் ஆரஞ்சுத் திட்டைக் காட்டி, "பேச்சு இருக்கிற இடம் இதுதானா?" என்று கேட்பார்கள். அப்படி எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

அது நரம்பின் வேலையை நேராகப் பிடித்த படம் இல்லை. வேலை நடந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும்போது ஆக்சிஜன் அளவு மாறுகிறதே, அந்த மாற்றத்தின் படம். ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவின் குழு 1990-இல் காட்டிய வழி இது. மேட்டூரில் மதகைத் தூக்கிய அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வருமா? ரத்தமும் அப்படித்தான், உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும். வயலுக்குப் போக மிச்சம் வடிகாலில் இறங்குவதுபோல, பெரிய சிரைகளின் ஓரத்திலும் சிக்னல் தெரியும். வடிகாலை வயல் என்று நினைத்து எல்லைக்கல் நடக்கூடாது.

அதைவிடப் பெரிய தவறு, உள்ளே படுத்திருப்பவருக்குக் கொடுக்கும் வேலையில் நடக்கிறது. திரையில் ஒரு பெயர்ச்சொல் வரும். அதற்கேற்ற வினையை மனசுக்குள் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு 'ஆவணம்' என்று காட்டினால், அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். சிக்னல் மங்கலாக இருக்கும். குறை அவர் மூளையில் இல்லை, சொல்பட்டியலில். அவர் பேசும் சொற்களைக் காதில் கேட்கக் கொடுங்கள்: நாத்து என்றால் நடுவது, களை என்றால் பறிப்பது, கதிர் என்றால் அறுப்பது. மெஷினுக்குள் போகும் முன்னே வெளியே உட்காரவைத்துப் பழக்குங்கள். வாய்விட்டுச் சொன்னால் தலை அசையும், சில மில்லிமீட்டர் அசைவே படத்தைக் கெடுத்துவிடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

சும்மா படுத்திருக்கும் நேரத்தோடு மட்டும் ஒப்பிடுவதும் சரியில்லை. காது கேட்பதற்கான பகுதியும் சேர்ந்து நிறம் காட்டும். பேச்சைப் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டு அதோடு ஒப்பிட்டால், வெறும் சத்தத்துக்கானது பெரும்பாலும் கழிந்துவிடும்.

அப்புறம் கணக்கு. 2009-இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் செய்தார்கள். பல்லாயிரம் புள்ளிகளைச் சோதித்தால் தற்செயலாகவே சில நிறம் காட்டும்; அதற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, அதன் மூளையிலும் நிறம் தெரிந்தது.

வலக்கைக்காரர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு மொழி இடப்பக்கம். இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம். ஆகவே பக்கத்தை ஊகிக்காதீர்கள்.

நிறம் இல்லாத இடத்தை அறுக்கலாம் என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. கட்டியை ஒட்டி ரத்த ஓட்டம் கெட்டிருந்தால், வேலை செய்யும் பகுதியும் படத்தில் வெறுமையாகத் தெரியலாம். அதனால்தான் பல இடங்களில் நோயாளியை விழிப்பில் வைத்து, மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பவர் சட்டென்று நின்றுவிட்டால், அந்த இடத்தில் கத்தி படாது. மண்வெட்டிப் படத்தைப் பார்த்து அவர் 'மம்பட்டி' என்பார். பக்கத்தில் குறிப்பெடுப்பவர் அதைத் தவறு என்று எழுதிவிடக் கூடாது.