கஜாவுல போன மாடி ஷீட்டை மறுபடி போட்ட கதை

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்ப எங்க மாடி ஷீட்டை அப்படியே பிச்சிக்கிட்டு போயிடுச்சு, கம்பி ஃப்ரேம் மட்டும்தான் நின்னுச்சு. துத்தநாகம் மட்டும் பூசின சாதா ஜிஐ இரும்பு ஷீட்டு உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கோட்டிங் உள்ள கால்வால்யூம் கலர் ஷீட்டு வாங்கினேன், 0.5 எம்எம்.

ஆனா ஷீட்டை விட முக்கியம் ஸ்க்ரூதாங்க. புயல் காத்து ஓரத்துல பூந்து கீழ இருந்து தூக்கும், அதனால ஓரத்துலயும் மூலையிலயும் குறுக்கு பைப்பை நெருக்கி வெச்சு, ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவ ஷீட்டோட மேட்டுலதான் அடிக்கச் சொன்னேன், பள்ளத்துல அடிச்சா தண்ணி ஓடுற வழியிலேயே ஓட்டை, ஒழுகாம என்ன பண்ணும். வாஷர் லேசா பிதுங்கினா போதும், மெஷின் கையில இருக்குன்னு அழுத்தினா ரப்பர் கிழிஞ்சிடும் (இதுக்கு வெல்டர் அண்ணன் மூஞ்சத் தூக்கிட்டாரு, அது வேற கதை).

சுவரோரம் சிமெண்ட் கலவை வெச்சு அடைக்க வந்தாங்க, வேணாம்னுட்டேன், ஈர சிமெண்ட் அந்த கோட்டிங்கையே தின்னுடும், தகடு மடிச்சு சீலண்ட் போட்டோம். சாரல் அடிக்கிற சுவருக்கு விரிசல் அடைச்சு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட். வெல்டு வெச்ச இடத்துல எல்லாம் சிங்க் (துத்தநாக) பிரைமர் அடிச்சிடுங்க, துரு அங்கதான் முதல்ல எட்டிப் பாக்கும்.