வாடகைக்கு அறை பார்க்கிறீர்களா? முதலில் மீற்றரைப் பாருங்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கம் குறைந்த வாடகைக்கு அறையோ அனெக்ஸோ (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) கிடைத்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கரண்டுக்குத் தனி மீற்றர் இருக்கிறதா?

இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலைதான். மூன்று குடும்பம் ஒரே மீற்றரில் இருந்தால், ஃபேனும் லைட்டும் மட்டும் பாவிக்கிற நீங்களும் மேல்படி விலைக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். வாடகையில் மிச்சம் பிடித்தது பில்லில் போய்விடும். தண்ணீர் பில்லும் இப்படித்தான்.

தனி மீற்றர் இல்லையென்றால், உங்கள் பாவனையை மட்டும் காட்டுகிற சப் மீற்றராவது பூட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை, முகம் சுளிக்கிற வீட்டுக்காரரிடம் பாதிப் பாதி என்று பேசலாம். குடிபோகிற அன்றே மீற்றர் காட்டுகிற அலகுக் கணக்கை ஃபோனில் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. பில்லை எப்படிப் பிரிப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘நம்ம ஆள்தானே’ என்று வாய்ப்பேச்சில் விட வேண்டாம். சண்டை வருவதே அங்கேதான்.