வாத்து வேட்டைக்கு ரிட்ரீவர் குட்டி வளர்க்கிறீர்களா? முதல் வருடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் ஊர்ப் பக்கம் வேட்டை நாய் என்றால் கன்னியும் சிப்பிப்பாறையும்தான். முயலைக் கண்டால் யார் சொல்லையும் கேட்காமல் பாயும், துரத்திப் பிடிக்கும், பிடித்ததைக் குதறாமல் விட்டால் நம் அதிர்ஷ்டம். அந்த நினைப்போடுதான் அமெரிக்காவில், மினசோட்டாவில் ஒரு லாப்ரடார் ரிட்ரீவர் குட்டியை வாங்கினேன், தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. ரிட்ரீவர் என்றால் சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் நாய், அது எதையும் துரத்திப் பிடிப்பதில்லை. விடியற்காலைக் குளிரில் நாணலுக்குள் நம்மோடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், சுட்ட வாத்து எங்கே விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், சொன்ன பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும், இறைச்சி நசுங்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் வைத்திருந்த தண்ணீர் நாய்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்கென்றே இனம் சேர்த்து உருவாக்கியதுதான் லாப்ரடார். அதனால் எதையாவது கவ்விக்கொண்டு வரும் ஆசை குட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் நாயை நான் நன்றாகவே கெடுத்தேன். இரண்டாவது ஓரளவு தப்பித்தது. (இந்தியாவில் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை, இது அமெரிக்கா, கனடா பக்கம் உரிமம் எடுத்துப் போகிறவர்களுக்கு.)

வாங்கும்போதே செய்யும் தவறு ஒன்று உண்டு. முகம் அழகாக இருக்கிறது என்று கண்காட்சி வம்சத்துக் குட்டியை வாங்கிவிட்டு அப்புறம் அது ஓடவில்லை என்று வருத்தப்படுவது. அப்பா, அம்மா இரண்டும் வேட்டையில் வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள், இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறது என்ற சான்றிதழைக் கேளுங்கள், ஓடும்போது பின்னங்கால் தளர்ந்து விழும் ஈஐசி என்ற மரபணுக் கோளாறுக்குச் சோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

பெயர் வைப்பதில்கூட தப்பு நடக்கும். இங்கே பல பேர், விழுந்த பறவையை எடுக்க நாயை அனுப்பும்போது அதன் பெயரைத்தான் கட்டளையாகக் கூப்பிடுகிறார்கள். நான் முதல் நாய்க்குக் கருப்பசாமி என்று ஆசையாகப் பெயர் வைத்தேன், காற்றடிக்கும் ஏரிக்கரையில் அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நாய் கிளம்பிவிடும். ஒன்றிரண்டு அசையில் முடிகிற பெயர் நல்லது. 'ஜோ', 'போ' மாதிரிப் பெயர்கள் 'நோ' என்பதோடு குழம்பும், அதிலும் தமிழ் வீட்டில் நாய்க்கு 'போ' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டளைகளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் நான் 'ஹியர்' என்பேன், மனைவி 'இங்க வா' என்பாள், பையன் 'கம் கம்' என்பான், குட்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும். தமிழோ ஆங்கிலமோ, ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். 'சிட், சிட், சிட், டேய் சிட்' என்று சொல்லிப் பழக்கினால் நான்காவது முறைதான் உட்கார வேண்டும் என்று குட்டி கற்றுக்கொள்ளும், அது புத்திசாலி. இதைவிட மோசமானது கூப்பிட்டுத் திட்டுவது. செருப்பைக் கடித்துவிட்டு நிற்கிற குட்டியை அருகே கூப்பிட்டு அதட்டினால், செருப்பு அதன் கணக்கில் வராது. கூப்பிட்டார், போனேன், திட்டு விழுந்தது, இதுதான் கணக்கு. கூப்பிட்டால் எப்போதும் நல்லதுதான் நடக்க வேண்டும், திட்ட வேண்டுமென்றால் நீங்கள் எழுந்து போங்கள்.

இப்போது எறிவதற்கு வருவோம், இங்கேதான் எல்லோரும் அத்துமீறுகிறோம். பம்பர் என்று ஒரு துணி உருளை விற்கிறார்கள், குட்டிக்குச் சின்ன அளவிலும் கிடைக்கும், இல்லாவிட்டால் முடிச்சுப் போட்ட சாக்ஸ் போதும். எட்டு வாரக் குட்டிக்கு அதை எறிந்தால் ஓடிப்போய் எடுக்கும். எடுத்தவுடன் நமக்குப் பெருமை தாங்காது. இன்னொன்று, இன்னொன்று, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்ட இன்னும் பத்து. பதினைந்தாவது முறை குட்டி பாதி வழியில் நின்று பூச்சியை முகர்ந்து பார்க்கும். அந்த இடத்தில் நாம் கற்றுக்கொடுத்தது சலிப்பு. மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு எறிதல், இன்னும் வேண்டும் என்று குட்டி துள்ளும்போதே எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். பம்பர் நாள் முழுக்கத் தரையில் கிடக்கும் பொம்மையாக இருக்கக் கூடாது. பையன்கள் பந்து எறிந்து விளையாடுவதையும் கொஞ்ச நாள் தடுக்க வேண்டியிருக்கும், எங்கள் வீட்டில் அதற்குப் பெரிய சண்டையே நடந்தது.

எறிவதற்குச் சரியான இடம் திறந்த புல்வெளி இல்லை, வீட்டு நடைபாதை. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு முனையில் உட்கார்ந்து எறிந்தால், எடுத்த குட்டிக்கு உங்களிடம் திரும்பி வருவதைத் தவிர வேறு வழி இருக்காது. வெளியே போனபின்னும் நீளக் கயிறு ஒன்று கழுத்தில் இருக்கட்டும். குட்டி எடுத்துக்கொண்டு ஓடினால் பின்னால் துரத்தவே கூடாது. ஒரு முறை துரத்திவிட்டால் அதற்கு அதுதான் உலகத்திலேயே சிறந்த விளையாட்டு. எதிர்ப்பக்கம் திரும்பி நீங்கள் ஓடுங்கள், அது துரத்திக்கொண்டு வரும்.

வந்ததும் வாயிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவது அடுத்த தவறு. பிடுங்கப் பிடுங்கக் குட்டி இறுக்கிப் பிடிக்கும், அல்லது எட்டாத தூரத்தில் நின்று கண்ணாமூச்சி ஆடும். வாயில் பம்பரோடு அப்படியே அணைத்துத் தடவிக் கொடுங்கள், கொஞ்ச நேரம் அது வைத்துக்கொண்டு பெருமைப்படட்டும், அப்புறம் வாங்குங்கள். கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம். இழுத்துப் பழகிய வாய் நாளைக்கு வாத்தையும் அப்படித்தான் பிடிக்கும், நெஞ்சுக்கறி கூழாகிவிடும். நான்கு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கும், சில நாள் பம்பரில் ரத்தம் ஒட்டியிருக்கும். அந்த நாள்களில் எறியாதீர்கள். கவ்வினால் வலிக்கும் என்று ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் அதை அழிப்பது கஷ்டம்.

இன்னொரு சின்ன விஷயம், கடையில் எல்லோரும் ஆரஞ்சு நிற பம்பரைத்தான் எடுப்பார்கள், நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்று. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் பிரித்துத் தெரியும், புல்லில் கிடக்கும் ஆரஞ்சு அதற்கு மங்கலாகிவிடும். குட்டிக்கு வெள்ளை வாங்குங்கள்.

சரி, துப்பாக்கிச் சத்தம். மற்ற தவறுகளையெல்லாம் பொறுமை இருந்தால் சரி செய்துவிடலாம், இது ஒன்று நாயின் வேட்டை வாழ்க்கையையே முடித்துவிடும். கருப்பசாமிக்கு நான்கு மாதம் இருக்கும்போது, 'சத்தத்துக்குப் பழகட்டும்' என்று களிமண் தட்டு சுடும் மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். நல்ல எண்ணம்தான். நான்கைந்து பேர் வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டாவது சத்தத்திலேயே வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான், வெளியே இழுத்தால் உடம்பெல்லாம் நடுக்கம். அதன்பிறகு கதவு அறைந்து சாத்தினால்கூட மேசைக்கடியில்தான். பயம் குறையவே எட்டு மாதம் ஆனது, முழுசாகப் போகவும் இல்லை. மே மாதம் வாங்கிய குட்டியை ஜூலை 4 வாணவேடிக்கைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

அர்த்தமில்லாமல் திடீரென்று தலைமேல் வெடிக்கிற சத்தம்தான் நாயைப் பயமுறுத்துகிறது. சத்தம் கேட்டால் பறவை விழும், பறவை விழுந்தால் நமக்கு வேலை, என்று அதன் மனதில் முடிச்சு விழுந்துவிட்டால் அதே சத்தத்துக்காகக் காத்துக்கிடக்கும். எனவே முதலில் பறவை மேல் ஆசை வர வேண்டும், சத்தம் அதற்கப்புறம். என் இரண்டாவது நாயின் பெயர் மணி, அவனுக்கு நான் செய்தது இதுதான்: நண்பர் ஒருவர் நூறு கஜத்துக்கு மேல் தள்ளி நிற்பார், சிறகு கட்டிய பம்பரை எறிந்து மணி அதை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்போது, வெற்றுத் தோட்டா போடும் சின்னத் துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுடுவார். மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில நாள் அதே தூரம், அப்புறம் கொஞ்சம் கிட்டே, அப்புறம் இன்னும் கிட்டே. காது பின்னால் மடங்கினாலோ, வால் இறங்கினாலோ, ஓட்டம் ஒரு நொடி தயங்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்தம், மறுநாள் பழைய தூரத்துக்கே போய்விடுவோம். பெரிய துப்பாக்கி கடைசியில்தான், அதுவும் தூரத்திலிருந்துதான். மொத்தம் ஒன்றரை மாதம் ஆனது. எட்டு மாதத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு விதி, தூக்கிப் போடாதீர்கள். 'லாப்தானே, நீந்தும்' என்று படகுத்துறையிலிருந்து எறிகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மினசோட்டா ஏரிகளில் ஏப்ரலில்தான் பனி உருகும், அந்தத் தண்ணீரில் முதல் நீச்சல் என்றால் நானே ஓடிவிடுவேன். ஜூன் வரை காத்திருந்து, கரை மெல்லச் சரிகிற இடமாகப் பார்த்து நீங்கள் முதலில் முழங்கால் அளவு இறங்குங்கள், குட்டி தானாகப் பின்னால் வரும். ஆகஸ்ட் வெயிலில் ஏரி மேல் பச்சை பெயின்ட் கொட்டியது போல் பாசி மிதந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு நாயைக் கொன்றுவிடும்.

பறவையை அறிமுகப்படுத்துவதிலும் படி உண்டு: முதலில் ஒரு சிறகு, அப்புறம் செத்த புறா, அப்புறம் வாத்து. உறைந்த புறாவாக இருந்தால் மெல்ல முடியாது என்பது ஒரு வசதி, ஆனால் ஃப்ரீசரில் அதற்கு இடம் வாங்குவது உங்கள் குடும்பப் பிரச்சினை. அடிபட்டு உயிரோடு இருக்கும் கனடா வாத்தைக் குட்டியிடம் விடுவது மட்டும் கூடவே கூடாது. குட்டியின் எடையில் கால்வாசி இருக்கும், சிறகால் மூக்கில் ஒரு அறை விட்டதென்றால் அதன்பின் வாத்து என்றாலே ஒதுங்கி நடக்கும்.

சொல்லும்வரை உட்கார்ந்திருக்கப் பழக்குவது எப்போது என்பதில் இங்கே ஆளுக்கொரு கருத்து. மூன்று மாதக் குட்டியைக் கட்டிப்போட்டு ஒவ்வொரு எறிதலுக்கும் அடக்கினால் எடுக்கும் ஆசையே வடிந்துவிடும், ஒரு வயதுவரை இஷ்டத்துக்கு விட்டால் துப்பாக்கியைத் தூக்கியதுமே பாயும் நாய் கிடைக்கும். ஆறு மாதம்வரை ஓடவிட்டு, அதற்குப்பின் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதே சரி என்பது என் எண்ணம். சாப்பாட்டுத் தட்டு முன்னால் சொல்லும்வரை உட்காருவதை மட்டும் முதல் வாரத்திலிருந்தே செய்யலாம், அதனால் எந்த ஆசையும் குறையாது.

ஈ-காலர் என்ற மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை பற்றிக் கேட்பீர்கள். வேல்ஸில் மின்னதிர்ச்சிக் காலரை 2010லேயே தடை செய்துவிட்டார்கள், அமெரிக்காவில் ரிட்ரீவர் பயிற்சியாளர்கள் பலரிடம் அது இருக்கும். அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனாலும் பயன்படுத்துகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் நாய்க்கு ஏற்கெனவே கயிற்றில் நன்றாகத் தெரிந்த கட்டளையை நினைவூட்டத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாக எதையும் அதை வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆறு மாதம்கூட ஆகாத குட்டியின் கழுத்தில் மாட்டி, கூப்பிட்டு வரவில்லை என்று பொத்தானை அழுத்துவது வெறும் எரிச்சலைத் தீர்த்துக்கொள்வது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு வளர்ச்சி முடிய ஒரு வயது தாண்டிவிடும், அதுவரை வண்டியின் பின்கதவிலிருந்து குதிக்க விடாதீர்கள், சைக்கிளோடு ஓட வைக்காதீர்கள். பாவமாகப் பார்க்கிறதே என்று இட்லியும் பிஸ்கெட்டும் போடாதீர்கள். லாப்ரடார்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதாக 2016ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், ஆக அந்தப் பார்வையை நம்பாதீர்கள்.

கடைசியில் முதல் சீசன். மார்ச்சில் பிறந்த குட்டிக்குச் செப்டம்பர் கடைசியில் வாத்து சீசன் தொடங்கும்போது ஆறு மாதம்தான். முதல் நாள், ஆறு நண்பர்கள், ஒரே நேரத்தில் பன்னிரண்டு வெடி, தண்ணீரெல்லாம் நிஜ வாத்தை ஈர்க்கக் கட்டிவிட்ட பொம்மை வாத்து, அதன் கயிறெல்லாம் காலில் சுற்றும். இதைவிட மோசமான பள்ளிக்கூடம் கிடையாது. பொம்மை வாத்துகளைப் புல்வெளியில் பரப்பி நடுவே நடக்கவிட்டு முன்பே பழக்குங்கள், படகில் உட்காருவதையும் வாத்து போலக் கத்தும் ஊதலையும்கூட. அப்புறம் ஆள் கூட்டம் குறைந்த ஒரு நாளில் ஒரே ஒரு நண்பரோடு போங்கள், அவர் சுடட்டும், உங்கள் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். கையில் துப்பாக்கி இருந்தால் நாயைப் பார்க்க மாட்டீர்கள், நான் பார்க்கவில்லை.

மணியை முதல் சீசனில் மூன்று நாள்தான் கூட்டிப்போனேன், மூன்று நாளில் நான்கு வாத்து. நவம்பரில் ஏரி ஓரம் உறைய ஆரம்பித்ததும் அவனை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். மதியம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், என் பழைய பூட்ஸ் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நின்றான், ஒரு பல் தடம்கூட இல்லை. நானும் வாங்க அவசரப்படவில்லை.