வெயில் காலத்தில் ஹென்றி கோ பூங்கா: முதல்முறை ஹைக்கிங் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் மார்கன் ஹில் ஊருக்குக் கிழக்கே, மலைமேல் இருக்கிறது ஹென்றி கோ ஸ்டேட் பார்க். ஒரு காலத்தில் கோ குடும்பத்தின் மாட்டுப் பண்ணை. ஹென்றி கோவின் மகள் சாடா கோ 1953-இல் அதை சாண்டா கிளாரா கவுண்டிக்குத் தானமாகக் கொடுத்தார். 1958-இல் ஸ்டேட் பார்க் ஆனது. இன்று சுமார் 87,000 ஏக்கர். கோடையில் புல்லெல்லாம் காய்ந்து பொன்னிறமாகிவிடும், பாதிப் பாதையில் நிழலே இருக்காது. நண்பர்களோடு போகத் திட்டமா? இப்படிச் செய்யுங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்
முந்தின நாள் வானிலையைப் பாருங்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் என்றால் வேறு நாள் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். "எல்லாரும் லீவு போட்டாச்சே" என்பதெல்லாம் வெயிலுக்குத் தெரியாது.

படி 2: தண்ணீரும் உப்பும்
வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். கீழே சொல்லும் பாதைக்கு ஆளுக்கு 3 லிட்டர், அவரவர் முதுகில். ஒருவர் பையில் எல்லாருடைய தண்ணீரையும் வைத்தால், கூட்டம் பிரியும்போது சிக்கல். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புக்கடலை, ஊறுகாயோடு எலுமிச்சை சாதம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எது வேண்டுமானாலும் சரி. தயிர் சாதத்தைக் கார் வெக்கையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 3: விடியலிலேயே கிளம்புங்கள்
மார்கன் ஹில்லிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். பூங்காவுக்குப் போகும் ஈஸ்ட் டன் அவென்யூ மலையேறும்போது குறுகலாக, வளைந்து வளைந்து போகும். வாந்தி வருகிறவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். மேலே போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 4: பாதை
இதுதான் முக்கியம். இங்கே கார் நிறுத்துமிடமே மேட்டில்தான். பல பாதைகள் இறக்கத்தில் தொடங்கும், காலையில் ஜாலியாக இருக்கும். திரும்பும்போது உச்சி வெயிலில் ஏற்றம். சைனா ஹோல் என்ற ஓடைப் பள்ளத்துக்கு யாராவது ஆசை காட்டினால், முதல்முறையே வேண்டாம். திரும்பி வர 1,000 அடிக்கு மேல் ஏற வேண்டும்.

அதற்குப் பதில் கோரல் டிரெயிலில் தொடங்குங்கள். அது முடியும் சந்திப்பில் ஸ்பிரிங்ஸ் டிரெயிலைப் பிடியுங்கள். திறந்த வெளி என்பதால் வெயில் ஏறுவதற்குள் அதை முடித்துவிட வேண்டும். மன்சனிட்டா பாயின்ட் ரோடு வந்ததும் ஃபாரஸ்ட் டிரெயில் வழியாகத் திரும்பலாம், அங்கே மரநிழல் உண்டு. மொத்தம் ஏறக்குறைய 4 மைல். வழியில் மன்சனிட்டா மரத்தைத் தொட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்புப் பட்டை மெல்லிய சுருளாக உரியும், அடியில் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கும்.

படி 5: கண் வைக்க வேண்டியவை
மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைத் தொட்டால் நாள்கணக்கில் அரிக்கும். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். ராட்டில்ஸ்னேக் என்ற விஷப்பாம்பு தென்பட்டால் நின்று, மெல்லப் பின்வாங்கி, அது போகட்டும் என்று விடுங்கள். போட்டோ எடுக்கக் கிட்டே போகிற நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவரைப் பிடித்து வையுங்கள்.

படி 6: திரும்பும் நேரம்
தண்ணீர் பாதி தீர்வதற்குள் திரும்பிவிடுங்கள், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும். கூட்டத்தின் வேகம், மெதுவாக நடப்பவரின் வேகம்தான். யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் உடனே நிழலில் உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் இருவர் விசிட்டர் சென்டருக்குப் போகட்டும், ஒருவர் கூடவே இருக்கட்டும்.

காருக்கு வந்ததும் கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விசிட்டர் சென்டரில் பண்ணைக் காலத்துப் பொருள்களை வைத்திருக்கிறார்கள், திறந்திருந்தால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.