குழந்தைகள் மருத்துவ உளவியல்: அமெரிக்காவில் போஸ்ட்டாக் இடத்தைத் தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர், பட்டத்திற்கு முந்தைய ஓராண்டு இன்டர்ன்ஷிப் உறுதியானதும் கடினமான கட்டம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் குழந்தைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் தனித்துப் பணியாற்றும் திறன் முதிர்வது, பட்டத்திற்குப் பிறகு வரும், போஸ்ட்டாக் எனப்படும் ஓரிரு ஆண்டு மேற்பார்வைப் பயிற்சியில்தான். அந்த இடத்தை மருத்துவமனையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் குழந்தையோடு பணியாற்றுவதை யார் நேரில் பார்க்கிறார், எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார் என்பதே தேர்வின் அளவுகோலாக இருக்க வேண்டும்.

முதலில் எந்த மாநிலத்தில் உளவியலாளராகப் பணிபுரிய உரிமம் பெறப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். உரிமத்திற்கான மேற்பார்வை நேரம் முழுவதையும் பட்டத்திற்கு முன்பே முடித்துவிடலாம் என்ற நிலைப்பாட்டை அமெரிக்க உளவியல் சங்கம் 2006-இல் எடுத்தது. வாஷிங்டன் மாநிலம் போன்ற சில இடங்களில் விதியும் அப்படியே உள்ளது. கலிபோர்னியாவிலோ மொத்தம் 3000 மணி நேரம் தேவை. அதில் குறைந்தது 1500 மணி நேரம் பட்டத்திற்குப் பின் செய்ததாக இருக்க வேண்டும். எனவே விளம்பரங்களைப் படிப்பதற்கு முன், நீங்கள் பணிபுரிய விரும்பும் மாநில உளவியல் வாரியத்தின் விதிகளை வரி விடாமல் படியுங்கள். ஓரிடத்தில் பயிற்சி பெற்று வேறொரு மாநிலத்தில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், இரண்டு மாநிலங்களில் எது கடுமையோ அதற்கு ஏற்றபடி மணிக்கணக்கை அமைத்துக்கொள்வது நல்லது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைவிட முன்னதாகவே, அதாவது இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்கு முன்பே, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பாடத்திட்டத்தின் பகுதியாகப் படிக்கும்போதே பணிபுரிய விடும் சிபிடி அனுமதியில் 12 மாதமோ அதற்கு மேலோ முழுநேரம் பணிபுரிந்தவருக்கு, படித்த துறையில் ஓராண்டு வேலை செய்ய விடும் ஓபிடி அனுமதி அதே பட்ட நிலையில் கிடைக்காது. மருத்துவ உளவியல் இன்டர்ன்ஷிப்போ பெரும்பாலும் சரியாக 12 மாத முழுநேரப் பணி. விவரம் தெரியாமல் அந்த ஆண்டு முழுவதையும் சிபிடியில் கழித்துவிட்டால், போஸ்ட்டாக் இடம் கையில் இருந்தும் வேலை செய்ய அனுமதி இல்லாத நிலை வரும். மாறாக, இன்டர்ன்ஷிப்பையே ஓபிடியில் செய்துவிட்டாலும் பின்னால் பயன்படுத்த ஒன்றும் மிஞ்சாது. இரண்டையும் எப்படிப் பகிர்வது என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தோடும் மருத்துவப் பயிற்சி இயக்குநரோடும் சேர்ந்து பேசி, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஃபெலோஷிப் என்றும் அழைக்கப்படும் போஸ்ட்டாக் பயிற்சி இரண்டு ஆண்டு என்றால், இரண்டாம் ஆண்டுக்கு எச்-1பி என்ற வேலை விசா தேவைப்படலாம். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகளும் அந்த விசாக்களின் எண்ணிக்கைக்கு உள்ள ஆண்டு உச்சவரம்புக்கு உட்படாதவை. ஆகவே குலுக்கலுக்குக் காத்திராமல் அவை விண்ணப்பிக்க முடியும். ஆனால் முடியும் என்பதாலேயே எல்லா நிறுவனங்களும் செய்வதில்லை. மனிதவளத் துறையிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். முன்னாள் படைவீரர் நலத் துறையின் பயிற்சி இடங்களுக்கும், தேசிய சுகாதார நிறுவனத்தின் டி32, எஃப்32 உதவித்தொகைகளுக்கும் விசாவில் இருப்பவர்கள் தகுதி பெறுவதில்லை என்பதால், அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இடம் தேடுவதற்கு, உளவியல் இன்டர்ன்ஷிப், போஸ்ட்டாக் மையங்களின் சங்கமான ஏபிபிஐசியின் பட்டியலே முதல் வாசல். அதில் உறுப்பாக உள்ள போஸ்ட்டாக் திட்டம் குறைந்தது 1500 மணி நேரப் பயிற்சியை, 9 மாதத்திற்குக் குறையாமலும் 24 மாதத்திற்கு மிகாமலும் தர வேண்டும். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் தனிப்பட்ட மேற்பார்வையும் கட்டாயம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற திட்டங்கள் எண்ணிக்கையில் குறைவு. அங்கீகாரம் இல்லாதது தரம் குறைந்தது என்று பொருளில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத, ஒரு கிளினிக் தானே அறிவிக்கும் இடமாக இருந்தால், மேற்சொன்ன அளவுகளை அங்கே நீங்களே சரிபார்க்க வேண்டியிருக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தில் குழந்தை, வளரிளம் பருவ உளவியலுக்கான 53-ஆம் பிரிவு, நோயுற்ற குழந்தைகளின் உளவியலுக்கான 54-ஆம் பிரிவு ஆகியவற்றின் அறிவிப்புகளையும் அக்டோபர் முதலே பார்த்து வாருங்கள்.

ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு பணிகள் ஒளிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். பதற்றம், மனச்சோர்வு, நடத்தைச் சிக்கல் ஆகியவற்றுக்குச் சிகிச்சை தரும் புறநோயாளர் பிரிவு ஒன்று. புற்றுநோய் அல்லது நீரிழிவு உள்ள குழந்தைக்குப் படுக்கையருகே உதவும் மருத்துவமனைப் பணி மற்றொன்று. மூளையின் செயல்பாட்டை நடத்தையோடும் சிந்தனையோடும் தொடர்புபடுத்திப் பார்க்கும் நரம்பு உளவியல், குழந்தைகளுக்கானது, முற்றிலும் தனிப் பாதை. 1997-இல் ஹூஸ்டனில் நடந்த மாநாட்டின் வழிகாட்டுதலின்படி அதற்கு இரண்டு ஆண்டு ஃபெலோஷிப் எதிர்பார்க்கப்படுகிறது. அந்தப் பாதையை விரும்புபவர்கள் பொதுவான குழந்தை உளவியல் இடத்தை ஏற்றுக்கொண்டு பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது மேற்பார்வைக்கு வருகிறேன். பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீலா ஐபெர்க் உருவாக்கிய இந்த முறை ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாயும் நான்கு வயது மகனும் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறார்கள். தாயின் காதில் சிறிய ஒலிக்கருவி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்கள் ஒலிவாங்கியோடு அமர்ந்திருக்கிறீர்கள். மகன் கட்டையைத் தட்டிவிடாமல் மெதுவாக வைக்கிறான். "மெதுவா வச்சே, ரொம்ப நல்லா இருக்குன்னு இப்பவே சொல்லுங்க" என்று தாயின் காதில் நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு வினாடி தாமதித்தால் பாராட்டு வேறொரு செயலில் போய் ஒட்டிக்கொள்ளும். தாய் கேள்வி மேல் கேள்வி கேட்கத் தொடங்கினால், அவரைக் குறைகூறாமல் திருப்ப வேண்டும். இந்தத் திறமையைப் புத்தகத்தால் தர முடியாது. வாரம் ஒருமுறை நீங்கள் வாய்மொழியாகச் சொல்லும் சுருக்கத்தைக் கேட்டுத் தலையசைக்கும் மேற்பார்வையாளராலும் தர முடியாது. உங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, நீங்கள் தவறவிட்ட அந்த இரண்டு வினாடியைச் சுட்டிக்காட்டுபவரால்தான் முடியும். நேரில் பார்ப்பது, காணொளியில் பார்ப்பது, இரண்டில் ஒன்றாவது வழக்கமாக நடக்கும் இடத்தைத் தேடுங்கள்.

உளவியல் சோதனைகளை மையமாகக் கொண்ட இடங்களில் ஓர் ஆபத்து உண்டு. ஆட்டிசக் கூர்நோக்குச் சோதனையான ஏடிஓஎஸ்-2, நுண்ணறிவுச் சோதனையான விஸ்க்-5 ஆகியவற்றை நடத்தி அறிக்கை எழுதுவது அரிய பயிற்சிதான். ஆனால் காத்திருப்போர் பட்டியலைக் குறைப்பதற்காக ஃபெலோக்களைக் குறைந்த சம்பளத்தில் அறிக்கை எழுதவைக்கும் கிளினிக்குகளும் இருக்கின்றன. வாரத்திற்கு எத்தனை மதிப்பீடு, ஓர் அறிக்கைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள், பெற்றோரிடம் முடிவைச் சொல்லும் அமர்வில் மேற்பார்வையாளர் உடனிருப்பாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் குழந்தைகள் மீதுள்ள அன்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது வீண். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அது இருக்கும். உங்கள் பயிற்சியில் எது நிரம்பியிருக்கிறது, எது குறைகிறது என்பதைச் சொல்லுங்கள். "இன்டர்ன்ஷிப்பில் பள்ளி செல்ல மறுக்கும் பிள்ளைகளோடு நிறையப் பணியாற்றினேன்; ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களோடு பணியாற்றும் வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது; உங்கள் சிறுகுழந்தைகள் பிரிவில் அதை நிறைவு செய்ய விரும்புகிறேன்" என்ற அளவிலான தெளிவு போதும். பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது நீங்கள் குழந்தையோடு பேசுவதைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வருவதால், நவம்பருக்குள் கடிதங்களைக் கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் இயக்குநரைவிட, இப்போது அங்கே இருக்கும் ஃபெலோக்களிடம்தான் உண்மை தெரியும். மேற்பார்வை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். "சென்ற வாரம் உங்களுக்கு எத்தனை மணி நேரம் மேற்பார்வை நடந்தது? ரத்தானால் வேறு நாள் தருகிறார்களா?" என்று கேளுங்கள். குழந்தை வதை நடந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் புகார் செய்ய வேண்டிய சட்டக் கடமை உளவியலாளர்களுக்கு உண்டு. மாலை ஐந்து மணிக்கு ஒரு சிறுமி அப்படி ஒன்றைச் சொன்னால், அந்த நேரத்தில் யாரை அழைப்பீர்கள் என்றும் கேளுங்கள். விவாகரத்தான பெற்றோரில் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பது போன்ற சிக்கல்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

தமிழ் பேசத் தெரிந்தவர் என்பதால், தமிழ்க் குடும்பங்கள் வரும்போதெல்லாம் உங்களை மொழிபெயர்ப்பாளராக அழைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கக்கூடும். அந்தக் குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்ற விருப்பம் நமக்கு இயல்பானது, நல்லதும்கூட. ஆயினும் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தையின் மதிப்பெண்ணை, ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வகுத்த அளவீட்டோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருவது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதை அறிந்த மேற்பார்வையாளர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபிபிஐசியின் நடைமுறைப்படி, பிப்ரவரி இறுதியை ஒட்டிய ஒரு பொது நாள் வரை கையிலுள்ள வாய்ப்பை நிறுத்திவைத்து யோசிக்க அதில் பங்கேற்கும் திட்டங்கள் இடம் தருகின்றன. எல்லாத் திட்டங்களும் பங்கேற்பதில்லை; முடிவு செய்ய எத்தனை நாள் தருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கும் முன், சம்பளம், காப்பீடு, மேற்பார்வையாளர்களின் பெயர், தொடங்கும் நாள் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஆய்வேட்டை இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் வாய்மொழித் தேர்வு வரை கொண்டுசென்று முடித்துவிடுங்கள். பட்டத்திற்கான எல்லாத் தேவைகளும் நிறைவேறாமல் செய்யும் பணி, பட்டத்திற்குப் பிந்தைய மணி நேரமாகக் கணக்கில் வராது போகலாம்.

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மணிக்கணக்குப் பதிவேட்டைத் தொடங்குங்கள். நேரடிச் சிகிச்சை, மதிப்பீடு, மேற்பார்வை என்று தனித்தனியாக எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தை மாதந்தோறும் வாங்கிவிடுங்கள். அவர் நடுவில் வேறு ஊருக்கு மாறிப்போனால், பழைய மாதங்களுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும் அலைச்சலாகிவிடும். உரிமத்திற்கான ஈபிபிபி தேர்வில் 225 கேள்விகள். அவற்றில் 175-க்கு மட்டுமே மதிப்பெண். பெரும்பாலான மாநிலங்களில் தேர்ச்சிக்கு, தனி அளவுகோலுக்கு மாற்றிக் கணக்கிடும் மதிப்பெண் 500 வேண்டும். மாநில வாரியம் அனுமதிக்கும் முதல் வாய்ப்பிலேயே, அதாவது ஃபெலோஷிப்பின் முதல் பாதியிலேயே, இதை எழுதிவிடுவது நல்லது. இரண்டாம் பாதியில் வேலை தேடுவதும் விசா மாற்றமும் சேர்ந்துகொள்ளும்.